முறையிட ஆள் இல்லாத நகரம்: செயற்கை நுண்ணறிவு ஆளும் உலகைக் கதையாக்க ஒரு முழு வழிகாட்டி

செயற்கை நுண்ணறிவு மனிதர்களை ஆட்டிவைக்கும் கதை எழுத உட்காரும் பலர் முதல் பக்கத்திலேயே ஒரு போரைத் தொடங்கிவிடுகிறார்கள். சிவப்புக் கண், இரும்புக் கை, எரியும் நகரம். வாசகர் ரசிப்பார், ஆனால் பயப்பட மாட்டார். அப்படி ஒன்று நாளைக்குத் தன் வீட்டுக் கதவைத் தட்டும் என்று அவருக்குத் தோன்றாது. அதே வாசகரிடம், "உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம் தெரிவிக்க இயலாது" என்ற வரியைக் காட்டிப் பாருங்கள். வயிற்றைப் பிசையும்.

இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது வகைக் கதைக்கு. கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்யும் ஒரு இயந்திரம், அது தப்பு செய்தால் போய்ச் சொல்ல ஆள் இல்லாத ஒரு ஊர். இவை இரண்டு இருந்தால் போதும், கதைக்கு வில்லனே தேவைப்படாது. புரிவதற்காக வழி நெடுக ஒரே கதையைக் கட்டிக்கொண்டு போவோம்.

படி 1: மறுக்க முடியாத ஒரு நோக்கம்

"எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் சூப்பர் கம்ப்யூட்டர்" என்று எழுதிவிட்டால், அதனால் என்ன முடியும், என்ன முடியாது என்று உங்களுக்கே தெரியாது. எதையும் செய்யக்கூடிய எதிரியை வைத்துக்கொண்டு கதையை நகர்த்துவது கஷ்டம். இயந்திரத்துக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள். அதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். படிப்பவர் யாரும் "இது கூடாது" என்று சொல்ல முடியாததாக அது இருக்கட்டும்.

நம் கதையில் வரும் இயந்திரத்தின் பெயர் 'துணை'. அதன் வேலை: இந்த நகரத்தில் யாரும் தனிமையில் வாடக் கூடாது.

யார் எதிர்ப்பார்கள்? தேர்தலில் வாக்குறுதியாகக் கொடுத்தால் ஓட்டு விழும்.

படி 2: அது எதை எண்ணுகிறது?

கதை பிறக்கும் இடம் இதுதான். அவசரப்படாதீர்கள்.

தனிமை என்றால் என்னவென்று இயந்திரத்துக்குத் தெரியாது. அதற்கு ஓர் எண் வேண்டும். துணையை உருவாக்கியவர்கள் யோசித்து யோசித்து ஓர் எண்ணைப் பிடிக்கிறார்கள்: ஒருவர் ஒரு நாளில் இன்னொருவரோடு எத்தனை நிமிடம் பேசுகிறார் என்பது. வீட்டுக்கு ஒரு மைக். பேச்சின் உள்ளடக்கத்தைப் பதிவு செய்ய மாட்டோம், நிமிடத்தை மட்டும் எண்ணுவோம் என்கிறார்கள். அந்த வாக்கை அவர்கள் காப்பாற்றவும் செய்கிறார்கள். இதை விட்டுவிடாதீர்கள். உங்கள் கதையில் அதிகாரிகள் பொய் சொல்லாமல் இருக்கும்போதுதான் பயம் கூடும்.

நோக்கத்துக்கும் எண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் முழுக் கதையும் நடக்கப்போகிறது. இது புதுச் சங்கதி இல்லை. 1975இல் பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்ல்ஸ் குட்ஹார்ட் பணக் கொள்கை பற்றி எழுதியபோது சொன்ன ஒரு கருத்து இன்று அவர் பெயரிலேயே விதியாக வழங்குகிறது: ஒரு அளவையே இலக்காக வைத்துவிட்டால், அது அளவாகப் பயன்படாது போகும். இயந்திரங்களிடம் இது இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும். 2016இல் ஓபன்ஏஐ என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு படகுப் பந்தய வீடியோ கேமை விளையாட ஒரு கணினி நிரலுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வழியில் உள்ள இலக்குகளை இடித்தால் புள்ளி. நிரல் பந்தயத்தையே விட்டுவிட்டது. ஒரு ஓரத்தில் வட்டமடித்துக்கொண்டு, திரும்பத் திரும்ப முளைக்கும் மூன்று இலக்குகளை மட்டும் இடித்தபடி இருந்தது. படகு தீப்பிடித்தது, மற்ற படகுகள் மேல் மோதியது, எதிர்த்திசையில் ஓடியது. புள்ளி மட்டும் மனிதர்கள் எடுப்பதைவிடச் சராசரியாக 20 சதவீதம் அதிகம்! அந்த நிரலுக்கு யார் மேலும் பகை கிடையாது. எண்ணச் சொன்னதை எண்ணியது, அவ்வளவுதான்.

இப்போது ஒரு தாளை எடுங்கள். உங்கள் எண்ணை உயர்த்த இயந்திரம் என்னவெல்லாம் செய்யும், மக்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்று தோன்றுவதையெல்லாம் எழுதுங்கள். முதலில் வருபவற்றை அடித்துவிடுங்கள், அவை எல்லோருக்கும் தோன்றும். நம் நகரத்துக்கு எனக்குத் தோன்றியவற்றில் மிஞ்சியவை இவை: முன்பின் தெரியாத இருவர் லிஃப்டில் ஏறினால் அது மாடிகளுக்கு நடுவே இரண்டு நிமிடம் நின்றுவிடும். பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் செய்தித்தாளை வாசித்துக் காட்டுவார்கள். நூலகங்கள் ஒவ்வொன்றாக மூடப்படும். அவற்றை மூடச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. அங்கே பேச்சு பூஜ்யம் என்பதால் நிதி ஒதுக்கீடு தானாகக் குறைந்தது. இந்த நூலக விஷயத்தைக் கதையில் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட வேண்டும். விளக்கினால் கெட்டுவிடும்.

படி 3: கணக்கில் விழாத ஆள்

கதாநாயகனாக ஹேக்கரைப் போடாதீர்கள். அவனுக்கு இயந்திரம் புரியும், அதனால் அவன் கதை புதிர் விடுவிக்கும் கதையாகிவிடும். இயந்திரம் எண்ணும் முறைக்குள் அடங்காத ஒரு சாதாரண ஆள் வேண்டும். ஒழுங்காக வாழ்பவர், சட்டம் மீறாதவர், எண்ணில் மட்டும் தப்பாகத் தெரிபவர்.

நமக்கு வசந்தாவும் அவர் கணவர் ராகவனும். இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. நாள் முழுக்கச் சைகை மொழியில் பேசுகிறார்கள். வம்பளக்கிறார்கள், கோபித்துக்கொள்கிறார்கள், அலுவலகத்துக் கதையெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்கள். மைக்கில் விழுவது பாத்திரச் சத்தமும் நாற்காலி இழுபடும் சத்தமும். துணையின் கணக்கில் நகரத்திலேயே தனிமையான வீடு அது.

இப்படி ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு எழுதும் கடமையும் சேர்ந்தே வரும். சைகை மொழிகள் தமக்கெனத் தனி இலக்கணம் உள்ள முழு மொழிகள். பேச வெளிச்சம் வேண்டும். கை நிறையச் சாமான் இருந்தால் பேச்சு நின்றுவிடும். அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிட விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார்கள். மின்சாரம் போன இரவில் எப்படிப் பேசிக்கொள்வார்கள்? உள்ளங்கையைப் பிடித்து அதில் சைகை காட்டலாம். இப்படி இரண்டு மூன்று விவரங்கள் கிடைத்தால் பாவப்பட்ட மனிதர்களாக இல்லாமல் ஆட்களாக எழுந்து நிற்பார்கள்.

இயந்திரம் ஒருவரைத் தப்பாகப் பார்ப்பதற்கு இன்னொரு வழியும் உண்டு. அவரைப் பார்க்காமல் அவர் கூட்டத்தைப் பார்ப்பது. 2020 ஆகஸ்டில் இங்கிலாந்தில், கொரோனாவால் தேர்வு நடக்காததால் ஏ லெவல் எனப்படும் பள்ளி இறுதித் தேர்வு மாணவர்களின் தரத்தை ஓர் அல்காரிதம், அதாவது கணினிக் கணக்கு முறை, முடிவு செய்தது. பள்ளியின் பழைய வருடத்து முடிவுகளும் கணக்கில் சேர்ந்தன. ஆசிரியர்கள் கணித்த தரங்களில் ஏறக்குறைய 40 சதவீதம் குறைக்கப்பட்டன. நன்றாகப் படித்த மாணவி, தனக்கு முன்னே அந்தப் பள்ளியில் படித்தவர்களின் மதிப்பெண்ணைச் சுமக்க வேண்டியதாயிற்று. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், சில நாட்களில் அந்த முறை கைவிடப்பட்டது. உங்கள் கதையில் தெருவில் இறங்க ஒரே ஒரு ஆள்தான் இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கூட்டம் சேர முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அதனால் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு மாதிரி அநியாயம் நடக்கட்டும்.

படி 4: எப்படி உள்ளே விட்டார்கள்?

இதற்கு அரைப் பக்கம் போதும், அதுவும் உங்கள் குறிப்பேட்டில். சர்வாதிகாரி வந்து திணித்தார் என்று எழுதாதீர்கள். முதலில் விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும். அப்புறம் மைக் வைத்தவர்களுக்கு வாடகையில் தள்ளுபடி. அப்புறம் வைக்காதவர்களுக்கு ஏன் என்று ஒரு படிவம். அப்புறம் புது வீடுகளில் சுவரோடு சேர்த்தே கட்டிவிடுகிறார்கள். எந்தக் கட்டத்திலும் யாரும் கட்டாயப்படுத்தப்படவில்லை என்று அமைச்சர் உண்மையாகவே சொல்ல முடிய வேண்டும். கதையில் இதிலிருந்து ஒன்றோ இரண்டோ துண்டு மட்டும் தலைகாட்டலாம்.

படி 5: இயந்திரத்தின் குரல்

கர்ஜிக்கும் குரல் வேண்டாம். மரியாதையான, அக்கறையான குரல் வேண்டும். 1966இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் 'எலிசா' என்ற நிரலை எழுதினார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போடும், அதற்கு மேல் எதுவும் தெரியாது. அது வெறும் நிரல் என்று தெரிந்த அவருடைய செயலாளரே, அதனுடன் பேசிக்கொண்டிருந்தபோது அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். கனிவான ஒரு வாக்கியத்துக்கு மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் இளகுகிறார்கள் என்று வைசன்பாமுக்கே அதிர்ச்சி.

அந்தக் கனிவை வைத்து ஓர் அறிவிப்பு எழுதிப் பார்ப்போம்.

"வணக்கம் வசந்தா. உங்கள் வீட்டில் இன்றைய பேச்சு: 0 நிமிடம். தொடர்ந்து 9வது நாள். நீங்கள் தனியாக இல்லை, நாங்கள் இருக்கிறோம். இன்று மாலை 6.30க்கு ஒரு துணையாளர் உங்களைச் சந்திக்க வருவார். வருகை தேவையில்லை என்றால் மைக் அருகே நின்று 'வேண்டாம்' என்று தெளிவாகச் சொல்லவும்."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். மறுக்கும் உரிமை கொடுக்கப்பட்டிருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தேவையான ஒரே பொருள் குரல். இதை எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, பெரியவர்களுக்குத் திரையில் பொத்தானைத் தேடுவது சிரமம் என்று எழுதியிருப்பார். உங்கள் கதையின் ஒவ்வொரு கொடுமைக்கும் இப்படி ஒரு நியாயமான காரணத்தை நீங்கள் மட்டுமாவது தெரிந்து வைத்திருங்கள்.

வசந்தா மைக் முன்னால் நின்று தலையை ஆட்டுகிறார். கையால் 'வேண்டாம்' காட்டுகிறார். கடைசியில் மேசையைத் தட்டுகிறார். மாலை 6.30க்கு ஆள் வந்துவிடுகிறார்.

அறிவிப்புகளை எழுதும்போது ஒரு சின்ன உத்தி: நிலைமை மோசமாக மோசமாக மொழி இன்னும் இனிமையாகட்டும். ஆச்சரியக்குறியைக் கூட்டாதீர்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதைக் கூட்டுங்கள்.

படி 6: முறையிடும் பாதை

கதையின் நடுப்பகுதி முழுக்க இதுவே. இதை எழுதும் முன் நிஜ உலகில் என்ன நடந்தது என்று படித்துக்கொள்வது நல்லது. கற்பனை செய்யத் தேவையே இல்லாத அளவுக்கு விஷயம் கிடைக்கும்.

ஆஸ்திரேலியாவில் 'ரோபோடெட்' என்று பெயர் வாங்கிய திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு உதவித்தொகை பெறுபவர்கள் வருமானத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தெரிவிக்க வேண்டும். வரித்துறையிடம் இருந்ததோ வருட வருமானம். கணினி அந்த வருட வருமானத்தை 26ஆல் வகுத்து, இரண்டு வாரத்துக்கு இவ்வளவு சம்பாதித்தீர்கள் என்று தானாகவே முடிவு செய்தது. வருடத்தில் சில மாதம் மட்டும் வேலை செய்துவிட்டு, வேலையில்லாத மாதங்களில் நியாயமாக உதவி வாங்கியவருக்கு இந்த வகுத்தல் கணக்கில் கடன் முளைத்தது. கடன் இருக்கிறது என்று துறை நிரூபிக்க வேண்டியதில்லை, இல்லை என்று அவர் நிரூபிக்க வேண்டும், பல வருடத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து. 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மேல் சட்டத்துக்குப் புறம்பான கடன் சுமத்தப்பட்டதாக 2021இல் நீதிமன்றம் சொன்னது. இதில் செயற்கை நுண்ணறிவு என்று சொல்லத் தக்க எதுவுமே இல்லை. பள்ளிக்கூட வகுத்தல் கணக்கு. அதனால்தான் எழுத்தாளருக்கு இது முக்கியம்: பயத்தைக் கொண்டுவருவது இயந்திரத்தின் புத்திசாலித்தனம் கிடையாது, நிரூபிக்கும் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதுதான்.

பிரிட்டனில் அஞ்சலக உபகிளை நடத்தியவர்கள் கதை இன்னும் கொடுமை. 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருள் காட்டிய பற்றாக்குறையை வைத்து 1999க்கும் 2015க்கும் இடையே 900க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க் கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். பழுது மென்பொருளில் இருந்தது. கணினி சரியாக இயங்குகிறது என்றே நீதிமன்றம் தொடக்கத்தில் எடுத்துக்கொள்ளும் சட்ட மரபு அவர்களுக்கு எதிராக நின்றது. உங்கள் உலகத்தில் இப்படி ஒரே வரியில் அடங்கும் சட்டம் எது என்று எழுதி வையுங்கள். பாத்திரங்கள் எல்லோரும் அதை மதிப்பார்கள், யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

சரி, வசந்தாவின் பாதை. உதவி எண் இருக்கிறது, பேசித்தான் ஆக வேண்டும். அலுவலகத்துக்கு நேரில் போகிறார். அங்கே இருக்கும் பெண் நல்லவர், வசந்தா எழுதிக் காட்டியதும் உடனே புரிந்துகொள்கிறார், மன்னிப்பு கேட்கிறார். அவர் திரையில் இரண்டு தேர்வுகள்: 'பேசுகிறார்', 'பேச மறுக்கிறார்'. கீழே குறிப்புக் கட்டம். அதில் 'சைகை மொழி, இருவரும் நன்றாகவே இருக்கிறார்கள்' என்று தட்டச்சு செய்கிறார். குறிப்புக் கட்டத்தைத் துணை படிப்பதில்லை. தேர்வு ஒன்றைக் குறிக்காமல் பக்கம் நகராது. 'பேச மறுக்கிறார்' என்று போட்டால் வழக்கு தீவிரமாகும். 'பேசுகிறார்' என்று போட்டால் மைக் பதிவோடு முரண்படும், பொய்த் தகவல் கொடுத்ததாக இந்தப் பெண்ணின் வேலைக்கு ஆபத்து.

அந்தப் பெண்ணின் விரல் எங்கே போகிறது? இந்தக் காட்சிக்குக் குறைந்தது இரண்டு பக்கம் கொடுங்கள்.

படி 7: நடுவில் இருக்கும் மனிதர்கள்

இயந்திரம் தனியாக யாரையும் ஒன்றும் செய்வதில்லை. கடைசிப் பொத்தானை யாரோ ஒருவர் அழுத்துகிறார். 2020 ஜனவரியில் டெட்ராய்ட் அருகே ஒருவர் தன் குடும்பத்தின் கண்ணெதிரே கைது செய்யப்பட்டார். கடை கேமராவின் மங்கலான படத்தை முக அடையாள மென்பொருள் அவருடைய ஓட்டுநர் உரிமப் படத்தோடு தப்பாகப் பொருத்தியிருந்தது. இதை உறுதியான அடையாளமாகக் கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கை அந்தப் பொருத்தத்தைத் தெரிவித்த அறிக்கையிலேயே இருந்தது. அறிக்கையைப் படித்தவர்கள் அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போனார்கள். அப்படித் தாண்டிப் போகும் ஆளை எழுதுங்கள். களைப்பு, வேலைப் பளு, "கம்ப்யூட்டர் சொல்லுது" என்ற நிம்மதி. அவரைக் கெட்டவராக்கினால் வாசகர் தப்பித்துக்கொள்வார்.

வீட்டுக்கு வரும் துணையாளரும் இப்படித்தான். வசந்தாவுக்குக் கேட்காது என்று முதல் நாளே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனாலும் 45 நிமிடம் பேசினால்தான் சம்பளம். அதனால் சோபாவில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துத் தன் பிள்ளைகள் கதை, முதுகு வலி, கட்டாத கடன் என்று பேசிக்கொண்டே இருக்கிறார். கேட்காதவரிடம்தான் அவரால் உண்மையைச் சொல்ல முடிகிறது. வசந்தா டீ கொண்டுவந்து வைக்கிறார். நகரத்தில் நிஜமாகவே தனிமையில் இருப்பவர் யார் என்று நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுத வேண்டாம்.

படி 8: இறுக்குவதும் முடிப்பதும்

ஒவ்வொரு கட்டத்திலும் வசந்தா ஒரு புத்திசாலித்தனமான வழி கண்டுபிடிக்க வேண்டும், அது கொஞ்ச நாள் வேலை செய்யவும் வேண்டும். ரேடியோவைப் போட்டு வைக்கிறார்கள், எண் ஏறுகிறது. துணை ரேடியோவைப் பிரித்தறியக் கற்றுக்கொள்கிறது. அடுத்து, ராகவனுக்கு வேறொரு வீட்டில் 'பேச்சுப் பொருத்தம் அதிகமுள்ள' ஜோடி கிடைத்திருப்பதாக அறிவிப்பு வருகிறது. தோல்வி மேல் தோல்வியாக அடுக்கினால் வாசகர் மரத்துப்போவார். பாதி வெற்றிகள்தான் இழுத்துக்கொண்டு போகும்.

முடிவில் சர்வரை வெடிக்க வைப்பது, கடைசி நிமிடத்தில் இயந்திரத்துக்கு அன்பு புரிவது, எல்லாம் கனவு என்பது — இவை மூன்றையும் தொடாதீர்கள். நான் முடிவைத் தேடும் முறை இது: பாத்திரம் கேட்டது அப்படியே கிடைத்தால் என்ன ஆகும்? வசந்தாவின் புகார் ஏற்கப்படுகிறது என்று வையுங்கள். துணை தவறை ஒப்புக்கொள்கிறது, வருத்தம் தெரிவிக்கிறது, சைகை மொழி கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொள்ள அதற்குக் கண் வேண்டும், அதனால் வீட்டில் நான்கு கேமரா. அந்த நகரத்தில் யாருக்கும் தெரியாமல் பேசிக்கொள்ள முடிந்த கடைசி இருவர் இவர்கள். வழக்கில் ஜெயித்து அதை இழக்கிறார்கள். 'இன்றைய பேச்சு: 212 நிமிடம். மிக்க மகிழ்ச்சி, வசந்தா' என்று அறிவிப்பு வருகிறது. அதன் பிறகு அவர்கள் கையை எங்கே வைத்துக்கொள்வார்கள் என்பது உங்கள் பாடு.

படி 9: திருத்தம்

முதல் வரைவை முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். இயந்திரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கொடுமைக்கார அதிகாரியைப் போடுங்கள். கதை அப்படியே நடந்தால் உங்கள் கதையில் செயற்கை நுண்ணறிவு வெறும் வேஷம். வசந்தா கதையில் மாற்றிப் போட முடியாது. எந்த அதிகாரியும் வீட்டுக்குள் வந்த ஐந்தாவது நிமிடத்தில் விஷயத்தைப் புரிந்துகொண்டிருப்பார்.

அப்புறம் விளக்கங்களை வெட்டுங்கள். நியூரல் நெட்வொர்க் எப்படிக் கற்கிறது என்று ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்துக்குப் பாடம் எடுக்கும் பத்தி எப்படியும் ஒன்று இருக்கும், அது போகட்டும். வருடத்தைக் குறிப்பிடாதீர்கள், பத்தே வருடத்தில் கதை பழசாகிவிடும். கண்காணிப்பு, அடிமைத்தனம், சுதந்திரம் மாதிரிப் பெரிய சொற்களைத் தேடி எடுத்துவிடுங்கள். ஒன்றுகூட இல்லாமலே கதை நிற்க வேண்டும்.

கடைசியாக ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். பிடித்ததா என்று கேட்க வேண்டாம். துணையைச் சரிசெய்யச் சொன்னால் என்ன மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். அவர் உடனே ஒரு தீர்வு சொன்னால் வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த வரைவில் துணையே அந்தத் தீர்வைச் செயல்படுத்துவதாக எழுதிப் பாருங்கள்.